இருபத்திரண்டாவது அம்புக்குறி

கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறை அலமாரியில், பேரப்பிள்ளைகளின் போட்டோக்களுக்கு நடுவே ஒரு கம்பிப் பிரஷ் கிடக்கிறது. மரக் கைப்பிடி வெடித்து, கம்பிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்துபோனது. ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கும்போதெல்லாம் என் மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். "ஏனுங்க, இந்தத் துருப்புடிச்ச கட்டைய இன்னும் எதுக்குங்க வெச்சிருக்கறீங்க? பழைய இரும்புக்காரன் வந்தாப் போட்டுரலாமுங்களா?" என்பாள். "அதைத் தொடாதே" என்று நான் எரிந்து விழுவேன். காரணம் சொன்னதில்லை. கோபக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு இது ஒரு வசதி. யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில், பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருந்தேன். எந்தக் காட்டில் இன்று கொழுந்து எடுப்பது, எதைக் கவாத்து வெட்டுவது, எந்த வரிசையோடு ஒரு ஆளின் வேலை முடிகிறது என்று அளந்து குறிப்பதுதான் என் வேலை. குறிப்பதென்றால் சுண்ணாம்பால். பால் மாவு டின்னில் சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையை நசுக்கிப் பிரஷாக்கி, கல்லில் அம்பு போடுவோம். ஒவ்வொரு ரைட்டருக்கும் ஒரு கை உண்டு. என் அம்புக்கு அடியில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியைப் பார்த்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சின்னப் பிள்ளைகூட என் பெயரைச் சொல்லும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் ஏழெட்டுப் பேர் மலையேறுவோம். தேயிலை பாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர், கம்பவுண்டர், எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார், நான், இன்னும் இரண்டு மூன்று பேர். அவித்த கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் தூக்குச் சட்டியில் இருக்கும். எஸ்டேட் எல்லை முடிகிற இடத்தில் வனத்துறையின் ஒரு மரக் கம்பு பாதைக்குக் குறுக்கே கிடக்கும். அங்கே வாச்சர் அண்ணாச்சி பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருப்பார். தென்காசிப் பக்கத்து மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தினக்கூலிக்கு இருந்தவர். நிரந்தரமாக்கும் பட்டியலில் தன் பெயர் ஏறிவிட்டதாக ரேஞ்ச் ஆபீசில் சொன்னதை, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லிவிடுவார். மூன்று பெண் பிள்ளைகள். அந்த வேலைதான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம்.

அவரோடு நடப்பது சுலபமில்லை. சத்தம் போட்டால் நின்றுவிடுவார். கிளையை ஒடித்தால் திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வையே போதும். போன வாரம் போன வழியில் இந்த வாரம் கூட்டிப் போகமாட்டார். எதற்கு இப்படிச் சுற்ற விடுகிறீர்கள் என்று கம்பவுண்டர் மூச்சு வாங்கக் கேட்டால், "ஒரே தடத்துல நடந்தா பாதை விழுந்துரும் சார். பாதை விழுந்தா கண்டவனும் வருவான்" என்பார். மேலே, புல்மேடு முடிந்து பாறை சரிகிற இடத்தில், ஒரு விளிம்பில் வரையாடுகள் குட்டி போடும். அந்த விளிம்புக்குப் போகும் வழி அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எங்களுக்கும் காட்டினார், ஆனால் மூடுபனியில் தனியாகப் போனால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவருடைய தைரியம்.

அந்த வருஷம் தை பிறந்ததும் கம்பில் ஒரு போர்டு தொங்கியது. குட்டி போடும் காலம், மாசி முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. எங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதே மாதம் டீமேக்கருக்கு வேறு எஸ்டேட்டுக்கு மாற்றலாகியிருந்தது. போவதற்கு முன் ஒரு தடவை ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அண்ணாச்சியிடம் போய்க் கேட்டோம். "எனக்கு மட்டும் ஆசையில்லையா சார்? நானே தூரத்துல நின்னுதான் பாக்கேன். பயந்து ஓடுனா குட்டி தவறி விழுந்துரும். ரெண்டு மாசம் பொறுங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வரும் வழியிலேயே மனசுக்குள் கணக்குப் போட்டேன். சனிக்கிழமைதோறும் அவர் காலை பஸ்ஸில் ரேஞ்ச் ஆபீசுக்குக் கையெழுத்துப் போடப் போவார், திரும்ப சாயங்காலமாகும். ஞாயிறு மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரத்தில் நாங்கள் புகுந்து வந்துவிடலாம். வழிதான் தெரியாது. அதற்கு நான் இருக்கிறேனே!

சனிக்கிழமை டின்னோடு ஏறினேன். வழி தவறித் தவறி, விளிம்பைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இறங்கிக்கொண்டே மூடுபனியிலும் கண்ணில் படுகிற மாதிரி கல்லுக்குக் கல் அம்பு போட்டேன். இருபத்திரண்டு அம்பு. தேயிலைக் காட்டில் பத்து வருஷம் செய்த வேலை, கை தானாகச் செய்தது. ஒவ்வொன்றின் அடியிலும் புள்ளி வைக்கக்கூட மறக்கவில்லை. மறுநாள் போனோம், பார்த்தோம். பால் குடிக்கும் குட்டிகள், வாலை ஆட்டிக்கொண்டு. டீமேக்கர் கண் கலங்கிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி சாப்பாட்டில் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், ஒரு காலைப் பனியில் மலையில் வெடிச் சத்தம் கேட்டது. நாயாட்டுக்காரர்கள் என்று மலையாளத்தில் சொல்லும் வேட்டைக் கும்பல் விளிம்புவரை ஏறியிருந்தது. மூன்று பெட்டை ஆடுகளைச் சுட்டுத் தூக்கிப் போயிருந்தார்கள். குட்டிகள் ரத்தம் காய்ந்த பாறையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தனவாம். அண்ணாச்சி அன்று பகல் பதினோரு மணிக்கு நேரே கொழுந்துக் காட்டுக்கு என்னைத் தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கியிருப்பேன். அவர் என் காலடியிலிருந்த எல்லைக் கல்லையும் அதிலிருந்த அம்பையும் புள்ளியையும் பார்த்துவிட்டு, "பாக்டரியில கம்பி பிரஷ் இருக்கும்லா? எடுத்துக்கிட்டு வாங்க ரைட்டர் சார். எங்கெங்க போட்டீங்கன்னு ஒங்களுக்குத்தான தெரியும்" என்றார்.

மழைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அதுவரை அந்த அம்புகள் மலையில் நின்றால் அந்தக் கும்பல் திரும்ப வரும், மீதி ஆடும் போகும். அவருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. நான் பிரஷால் தேய்த்தேன், அவர் தேங்காய் மட்டையும் மணலும் வைத்துத் தேய்த்தார். சுண்ணாம்பு போன இடத்தில் பாறையின் பாசியும் சேர்ந்து உரிந்து, அம்பு வடிவத்திலேயே வெளுத்த தடம் விழுந்தது. அதனால் கல் முழுவதையும் தேய்த்துச் சேறு பூச வேண்டியிருந்தது. என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கடைசியாக, விளிம்புக்குக் கீழே குடை போல் கவிந்த பாறையின் உள்பக்கம் இருந்த அம்புக்கு வந்தோம். நான் பிரஷை வைக்கப்போனேன். அவர் என் கையிலிருந்து பிரஷை வாங்கிக்கொண்டார். "இது கெடக்கட்டும். வெளியில இருந்து பாத்தாத் தெரியாது" என்றார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிரஷைத் திரும்ப என் கையில் தந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இறங்கிவிட்டோம்.

நாலாம் நாள் விசாரணை. ரேஞ்ச் அதிகாரி மலையாளி, அண்ணாச்சிக்குத் தமிழில்தான் சரளமாகச் சொல்ல வரும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுத எஸ்டேட்டிலிருந்து ஒரு ஆளைக் கேட்டார்கள். மேனேஜர் என்னை அனுப்பினார். ஆம், அந்த வாக்குமூலத்தை எழுதியது நான்தான். "வழி ஆரா காணிச்சது?" என்று அதிகாரி கேட்டார். வழியை யார் காட்டியது? அந்த விளிம்பு அண்ணாச்சிக்கு மட்டும்தானே தெரியும்? மலையில் வேறு அடையாளம் ஏதாவது உண்டா என்றும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன்னைக் காப்பாற்றக்கூடிய சாட்சியை, ஆடுகளுக்காக, தன் கையாலேயே தேய்த்து அழித்திருக்கிறார் மனிதர்! அண்ணாச்சி ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றார். புதிதாக வந்த வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில் உண்டு என்று பேச்சிருந்தது. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஆயிரம் சொல்லலாம். நான் குனிந்து, 'தெரியாது என்கிறார்' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருந்தது.

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேட்டைக்காரர்களுக்கு வழி காட்டினவன் என்ற பெயரோடு, மனைவியையும் மூன்று பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஜீப்பில் மலையிறங்கினார். நான் கொழுந்துக் காட்டுக்குள் நின்று பார்த்தேன். வழியனுப்பப் போக எனக்கு முகமில்லை.

கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து சில வருஷம் கழித்து, கோயம்புத்தூர் போகும் பஸ் வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றது. ஒரு லாரியின் மேலே ஏறித் தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. தலை நரைத்து, சிமெண்ட் தூசியில் இன்னும் வெளுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, டீ வாங்கித் தந்தார். முதலில் கேட்டது, "ஆடு இப்ப பெருகியிருக்கா சார்?" என்று. பெருகியிருக்கிறது என்றேன். முகம் மலர்ந்துபோயிற்று. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு என் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"தினக்கூலி வாச்சர் சொன்னா, எஸ்டேட் ரைட்டர் மேல பழிய போடுதான்னுல்லா சொல்லுவாவ" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே, கோபமில்லாமல். "அதான் பாறைக்குள்ள ஒண்ணு விட்டு வச்சேன். அங்க மழ படாது. நீங்களா வாயத் தொறந்தா, காட்டுறதுக்கு ஒண்ணாவது இருக்கணும்லா."

பஸ் ஹாரன் அடித்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். அப்போதாவது போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. நாளை, அடுத்த வருஷம், ரிட்டயர் ஆன பிறகு என்று தள்ளிப்போட்டே காலம் ஓடிற்று. அவர் தவறிப்போன செய்தி, யார் யார் வாயிலோ சுற்றி, ஆறு மாதம் தாமதமாக வந்தது. அன்று அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்?

போன தை மாதம் பிரஷை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பீர்மேட்டுக்கு பஸ் ஏறினேன். மரக் கம்பு இருந்த இடத்தில் இரும்பு கேட் நிற்கிறது. மூன்று மொழியில் போர்டு. இப்போதும் குட்டி போடும் காலத்தில் பாதை அடைப்புத்தான். ரேஞ்ச் ஆபீசில் இருந்த இளம் பெண் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அந்த அம்பை அழித்துவிட்டு வர அனுமதி கேட்டேன். அவர் அந்தத் தாளைப் படித்து முடித்துவிட்டு, "இப்போ ஆரையும் விட மாட்டோம் சார், உங்களையும்" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. கேட்டைத் தாண்டாமல் திரும்பினேன்.

பங்குனியில் அந்த ஆபீஸ் வாச்சர் ஒருவர் போனில் கூப்பிட்டார். குரலைக் கேட்டால் சின்ன வயசு. "சார், நீங்க சொன்ன பாறைக்குப் போனோம். அம்பு அப்படியே இருக்கு. அடியில ஒரு புள்ளியும் இருக்கு. மேடம் கேக்கச் சொன்னாங்க. அழிச்சிரட்டுமா?"

"இருக்கட்டும் தம்பி" என்றேன். "அதைப் போட்டது நான்தான்னு உங்க பைல்ல எழுதிருங்க. அதை அழிக்காம வச்சது உங்க ஆபீஸ்ல இருந்த ஒரு வாச்சர்னும் எழுதுங்க. அவர் பேரையும் சொல்றேன், எழுதிக்கிடுங்க." எழுத்துக் கூட்டி இரண்டு தடவை சொன்னேன்.

போனை வைத்துத் திரும்பினால் மனைவி அறை வாசலில் நிற்கிறாள். நாற்பது வருஷமாகச் சொல்லாததை அன்று உட்கார வைத்துச் சொன்னேன். மறுநாள் அவள் அலமாரியைத் துடைக்க எல்லாவற்றையும் இறக்கி வைத்தாள். திரும்ப அடுக்கும்போது முதலில் பிரஷை அதன் இடத்தில் வைத்தாள். பிறகுதான் பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள்.