பிரேக் இல்லாத ஆகாயக் கப்பல்

நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தாள். அவள் தம்பி, என் மச்சான். என் மகள். அப்புறம் திருவிழாவில் இடம் பிரித்துக் கொடுக்கிற பர்மாக்காரர். எல்லாருக்கும் அவர் ஊலே. மாமா என்று அர்த்தம். இவ்வளவு பேர்தான்.

பர்மாவில் தன்லியின் என்ற ஊரின் பயா, அதாவது புத்தர் கோயில், திருவிழாவில் நாங்கள் கையால் தள்ளுகிற ராட்டினம் போடுவோம். போன வருஷம் பக்கத்தில் மோட்டார் ராட்டினம் வந்தது. கூட்டம் அங்கே போய்விட்டது. எங்கள் இடத்தையும் அவர்களுக்கே கொடுக்கப் போகிறேன் என்றார் ஊலே. புதுசு ஒன்று கொண்டுவருகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

மகள் போனில் ஒரு படம் காட்டினாள். ரெட்டை இறக்கை வைத்த பழைய சண்டை விமானம். கப்பல் மேலிருந்தே கிளம்பி, கப்பல் மேலேயே இறங்குமாம். பிரேக் கிடையாது. முதலில் ஆள்கள் ஓடிப்போய்க் கையால் பிடித்து நிறுத்தினார்களாம். ஒரு தடவை பிடி தவறி, ஓட்டினவரோடு கடலில் விழுந்திருக்கிறது. பிறகு சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குக் கட்டை வைத்தார்கள். அப்புறம் கயிறு. இத்தனைக்கும் நடுவில் சண்டைக்கும் போய் வந்திருக்கிறது.

"பிடிச்ச ஆளுக்குச் சம்பளம் உண்டா அத்தான்?" என்றான் மச்சான்.

அதே மாதிரி ஒரு விமானத்தைப் பலகையில் சக்கரம் வைத்துச் செய்தோம். மகளுக்குத் தமிழ் புரியும். பேசினால் பாதி பர்மா வரும். கப்பலில் கயிறு கட்ட வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் விமானத்துக்கு ஆகாயக் கப்பல் என்றுதான் பேர், என் அப்பா காலத்திலிருந்து. அதனால் விமானத்தைச் சுற்றிக் கயிற்றுப் பிடி கட்டிவிட்டேன். அவள் சிரித்தாள். அந்தக் கப்பல் இல்லையாம். தண்ணீரில் போகிற கப்பலாம், அதன் தளத்துக்குக் குறுக்கே கட்ட வேண்டுமாம். நான் அவிழ்க்கவில்லை.

இடுப்பு உயரத்துக்குப் பலகைத் தளம் அடித்தோம். அதுதான் கப்பல். பின்னால் உயரமாக ஒரு சரிவு. விமானம் சரிவில் உருண்டு தளத்துக்கு வரும். நாங்கள் இரண்டு பக்கமும் தரையில் ஓடிப் பிடிக்க வேண்டும். விட்டால் முன்னால் கீழே விழும்.

மோட்டார்க்காரர்கள் அதைப் பார்த்து 'கலா லேயின்' என்றார்கள். கலா என்பது இந்தியாக்காரர் என்று எங்களைத் திட்டுகிற வார்த்தை. லேயின் விமானம். அதையே இறக்கையில் பெரிசாக எழுதச் சொன்னேன். மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள். எழுதினாள்.

திருவிழா தொடங்குகிற அன்று சாயங்காலம் ஊலே வந்தார். பிரேக் எங்கே என்று கேட்டார். எங்கள் நாலு பேரையும் காட்டினேன்.

"கீழே விழுந்தால் இன்றைக்கே இடத்தைக் காலி செய்ய வேண்டும்."

"சரி. நீங்களே ஏறுங்கள்."

அவர் கனத்த ஆள். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. லுங்கியை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினார்.

சரிவில் விட்டோம். நினைத்ததைவிட வேகம். மச்சான் பிடித்த கயிறு அறுந்து அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கை எரிந்தது, விடவில்லை. வீட்டுக்காரி அந்தப் பக்கம் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மகள் செருப்பு போய், குதிகாலை மண்ணில் ஊன்றித் தொங்கினாள். நின்றது. மூக்கு தளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊலே குனிந்து கீழே தரையைப் பார்த்தார்.

மோட்டார்க்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"நாங்கள் பிடித்த கயிறு அப்பா தப்பாகக் கட்டினது ஊலே," என்றாள் மகள் பர்மாவில்.

"தப்போ சரியோ, தடிப்பாகக் கட்டு," என்றார் என்னிடம். இறங்கினார். "பிள்ளைகளை மட்டும் ஏற்று."

இடம் எங்களுக்குத்தான். எல்லாப் பிடியையும் தடித்த கயிற்றில் மாற்றினேன். தளத்தில் குறுக்கேயும் ஒன்று கட்டினேன், மகள் சொன்னபடி. இறக்கையில் எழுதினதை அழிக்கவில்லை.

அன்றைக்கு ஏறின பிள்ளைகள் அறுபத்தேழு.