சந்தூக்கில் ஒரு துளை

என் அண்ணன், என் நானா, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மௌத்தானார். வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மௌத்து, அதுக்கும் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் எங்கள் அலவத்துகொடப் பக்கம் வெள்ளிக்கிழமைகளில் ஹார்ட்வெயார் கடை எதுவும் திறக்காது என்பதுதான் அன்று பகல் முழுவதும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இறந்தவரின் ஜனாஸாவைக் கிடத்திச் சுமந்து போகிற சந்தூக்கு எங்கள் ஊருக்கு ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பள்ளிவாசலிலிருந்து நானாவின் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முன்பக்கத்தைத் தூக்கியவன் நான். தோளில் தாங்குகிற குழாய்களை அடிப்பெட்டியோடு பிணைக்க நான்கு மூலையிலும் கனத்த இரும்புக் கட்டைகள் உண்டு. கட்டைக்கு ஒரு போல்ட். முன் இடது மூலை என் கையில் ஆடியது. குனிந்து பார்த்தால், போல்ட்டைச் சும்மா செருகி, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். துளைக்குள் போல்ட் கடித்து நிற்கிற புரி முழுவதும் தேய்ந்து வழவழவென்று கிடந்தது.

"எத்தின நாளா இது இப்பிடி ஈக்கிது?" என்று பள்ளிவாசல் மோதினாரைக் கேட்டேன்.

"கொஞ்ச நாளாத்தான். கம்பி கட்டித்தானே எல்லாரையும் தூக்கின. ஒண்டும் ஆகல்லயே" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மௌத்து வீட்டில் சத்தம் போடக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டேன். அடக்கம் செய்கிற எங்கள் மையவாடி சரிவில் இருக்கிறது. செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். இறங்கும்போது பாரம் முழுவதும் முன்பக்கத்துக்கு வந்துவிடும், ஆட்கள் தோள் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் குலுங்கும். நானாவோ நல்ல ஆகிருதியான மனிதர்.

அவருக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு, குளிக்க வைக்க நானும் அவருடைய மகனும்தான் தூக்குவோம். தூக்குகிற நேரமெல்லாம் நல்ல கையால் என் சேர்ட்டைப் பிடித்துக்கொள்வார். "விழுத்திடாதேடா" என்பார். பேச்சுக் குழறிப்போன பிறகும் அந்த ஒரு வார்த்தை தெளிவாக வந்தது. சிறு வயதில் எதற்கும் பயப்படாத மனிதர், இதற்கு மட்டும் பயந்தார். நாங்கள் ஒரு தடவைகூட அவரை விழுத்தியதில்லை. இனி ஊரார் எல்லோரும் பார்த்திருக்க, படியில் வைத்து விழுத்துவதா?

அடுத்த ஊர்ப் பள்ளிவாசலில் இரவல் கேட்டோம். அங்கும் அன்று ஒரு ஜனாஸா. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அறிவித்தாகிவிட்டது. சந்தூக்கை என் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

தேய்ந்திருந்தது எட்டு மில்லிமீற்றர் போல்ட்டின் புரி. அந்தத் துளையில் இனி எட்டு நிற்காது, பத்துக்குத்தான் போக வேண்டும். பத்து மில்லிமீற்றர் போல்ட்டில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி ஒன்றரை. பத்தில் ஒன்றரை போனால் எட்டரை. எட்டரை ட்ரில்லால் துளைத்து, அதற்குள் டேப் என்கிற புரிவெட்டியைத் திருகி இறக்கினால் துளையின் சுவரில் புரி வெட்டிக்கொண்டு போகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என்னிடமிருந்த எட்டரை ட்ரில் முறிந்துபோயிருந்தது. பெட்டியில் இருந்தவை எட்டும் ஒன்பதும்தான். கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தாண்டிக் கண்டிக்குப் போய்வர நேரமில்லை.

"எட்டே போதும் மச்சான்" என்றார் கூட வந்திருந்த என் மனைவியின் தம்பி. "ஓட்டை சின்னண்டா நல்லா இறுகும்தானே."

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். துளை சிறிதாக இருந்தால் டேப் வெட்ட வேண்டிய இரும்பு கூடிவிடும். டேப் கடினமானது, ஆனால் கண்ணாடி மாதிரி முறியும். உள்ளே முறிந்தால் எந்த ட்ரில்லாலும் அதை எடுக்க முடியாது, சந்தூக்கே அன்றைக்கு உதவாது. ஒன்பதில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் புரி பாதி ஆழம்தான் விழும். கட்டை ஓர் அங்குலத்துக்கு மேல் கனமாக இருந்தது. அவ்வளவு நீளத்துக்குப் பாதி ஆழப் புரியே தாராளமாகத் தாங்கும். வேறு யாருடைய ஜனாஸாவாக இருந்தாலும் யோசிக்காமல் ஒன்பதை மாட்டியிருப்பேன்.

இது நானா. அவரைப் பாதிப் புரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தேய்ந்த துளையே எட்டுக்குக் கிட்ட இருந்ததால், எண்ணெய் விட்டு, அப்படியே டேப்பை வைத்துத் திருகினேன். முதலில் கடித்தது. பிறகு கிறீச்சிட்டது. பிறகு நான் திருப்புகிறேன், டேப்பின் தலை மட்டும் திரும்புகிறது, அடி நகரவில்லை. முறுகுகிறது என்று கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை இன்னும் அழுத்தத்தான் பார்த்தது. மோதினார் மீது கோபம், பூட்டிய கடைகள் மீது கோபம், உண்மையைச் சொன்னால் என்னை விட்டுப் போன நானா மீதும் கோபம். மச்சான் என் தோளைத் தொட்டார். நான் மூச்சை விட்டு, டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திருப்பி வெளியே எடுத்தேன்.

ஒன்பதை மாட்டித் துளைத்தேன். டேப் சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. அவ்வளவு இலேசாக இறங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. குழாயிலிருந்த துளையை அரத்தால் பெரிதாக்கி, போல்ட்டை இறுக்கி, அந்த மூலையில் என் முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கினேன். மச்சானையும் தொங்கச் சொன்னேன். அசையவில்லை. அப்படியும் என் பயம் போகவில்லை.

ஜனாஸாத் தொழுகை முடிந்து தூக்கும்போது முன் இடது பக்கத்தில் நான் நின்றேன். எல்லோரும் கலிமா சொல்லிக்கொண்டு நடந்தார்கள். என் வாயும் சொல்லியிருக்கும். காது மட்டும் போல்ட்டிடம் இருந்தது. படி தொடங்கும் இடத்தில் ஒருவர், "எங்களுக்கும் நன்மை வாணாமா? கொஞ்சம் தாங்கொ" என்று தோள் கொடுக்க வந்தார். அவரை முழங்கையால் தள்ளிவிட்டேன். சுமக்கிற நன்மையை இன்னொருவருக்கு மறுப்பது ஜனாஸாவில் யாரும் செய்யாத காரியம். அவர் ஒதுங்கிக்கொண்டார். நான் தோளைக் குழாயில் அழுத்தி, ஒவ்வொரு படியாகக் கால் வைத்தேன்.

கீழே போய்ச் சந்தூக்கை இறக்கி வைத்தபோது போல்ட் வைத்த இடத்திலேயே இருந்தது. பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். நானாவின் மகனும் இன்னும் இருவரும் கப்றுக் குழிக்குள் இறங்கி நின்று கைகளை நீட்டினார்கள். தலைப்பக்கத்தை நான் பிடித்துக் கொடுத்தேன். வெள்ளைத் துணிக்கூடாக அவருடைய தோள் என் கைக்குத் தெரிந்தது. பாரம் மெல்ல மெல்லக் குறைந்தது.

"சாச்சா, நாங்க புடிச்சிட்டோம்" என்றான் நானாவின் மகன் கீழேயிருந்து.

எனக்குக் கேட்டது. "பத்திரமாப் புடிச்சீங்களா?" என்றேன்.

"புடிச்சிட்டோம் சாச்சா. கைய விடுங்கொ."

அவன் அதை மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, கையை விட்டேன்.