கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில், வேலைக்கு வருகிறவர் தேய்த்து வைத்த பாத்திரத்தை அம்மா இன்னொரு முறை தேய்ப்பாள். அதை நான் மூன்றாம் முறை அலசுவேன். கன்னடம் பேசுகிற ஊர் ஒன்றில் எமர்ஜென்சி மெடிசின் முதல் வருடத்தில் சேர்ந்தபோது இந்தப் புத்தியும் கூடவே வந்தது. கேஷுவால்ட்டியில் பத்துப் பேர் சுற்றி நின்று கத்தினாலும், ட்ராலியில் ஒட்டிக் காய்ந்துபோன பிளாஸ்டர் துண்டுதான் என் கண்ணில் முதலில் படும். சீனியர்கள் கிண்டல் செய்தார்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில், அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஸ்டீல் தட்டைப் பார்த்தேன். அதில் பாம்புக்கடி வந்தால் எடுக்கிற கண்ணாடி டெஸ்ட் ட்யூபுகள். மேலெல்லாம் தூசி. எனக்குப் பொறுக்கவில்லை. ஓய்வறையில் டம்ளர் கழுவுவதற்கு இருந்த சோப்பை எடுத்து வந்து, ஒவ்வொன்றையும் உள்ளே பஞ்சு விட்டுத் தேய்த்து, அலசி, கவிழ்த்து வைத்தேன். பளபளவென்று இருந்தன. யாரும் கேட்காமலே ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு காபி குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் ஹனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மஞ்சள் காட்டில் களை எடுக்கும்போது மனைவியின் காலில் ஏதோ கடித்திருந்தது.

“சுருக்குன்னுச்சுங்க. குனிஞ்சு பாக்கறதுக்குள்ள ஓடிப்போச்சுங்க,” என்றார் அந்த அக்கா.

கணவர் அவர் தலைமாட்டிலேயே நின்றார். “இவளுக்கு வீசிங் இருக்குதுங்க, டாக்டரம்மா. மருந்து குடுக்கறப்ப அதையும் பாத்துக்கோணும்.” அவர்களுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் தமிழில் பேசியதும் என்னையே பிடித்துக்கொண்டார்கள்.

காலில் இரண்டு சின்னப் புள்ளிகள். வீக்கம் பெரிதாக இல்லை. இந்த மாதிரி சமயத்தில் எங்களுக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் நிற்க வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறைந்து நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். அந்த மருந்தும் சாதுவானது அல்ல. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சை அடைத்துவிடும். வீசிங் உள்ளவர் என்றால் இன்னும் பயம். வேண்டியவருக்குக் கொடுக்காவிட்டாலும் ஆபத்து, வேண்டாதவருக்குக் கொடுத்தாலும் ஆபத்து. எது என்று அந்தக் குழாய்தான் சொல்ல வேண்டும்.

அக்காவின் இரத்தத்தை எடுத்ததும், அன்று என்னோடு இருந்த சிஸ்டர், ஒப்பிட்டுப் பார்க்கக் கணவருடைய இரத்தத்தையும் ஒரு குழாயில் எடுக்கச் சொன்னார். எழுதி வைத்த முறை அதுதான். ஆனால் அவசரத்தில் பாதிப் பேர் செய்வதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கணவரோ உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

“அவளுக்கு ஏத்தறதுக்குங்களா? எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க.”

“இல்லண்ணா, இது வேற. அப்புறம் சொல்றேன், இருங்கோ,” என்றேன்.

இருபது நிமிடம் கழித்து அக்காவின் குழாயைச் சாய்த்தேன். தண்ணீராக ஓடியது. மருந்தைக் கரைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தேன். மருந்துப் புட்டிகள் மேஜைக்கு வந்தன. அதற்குள் சிஸ்டர் கணவருடைய குழாயைச் சாய்த்தார். அதுவும் ஓடியது.

“இவரிகூ ஹாவு கச்சிதெயா, டாக்டர்?” என்றார். இவரையும் பாம்பு கடித்ததா என்று.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தால் கண்ணாடியில் இரத்தம் உறையாது. எம்.பி.பி.எஸ்.ஸில் படித்து, பரீட்சையிலும் எழுதியவள் நான். அந்தக் குழாய்களில் யாருடைய இரத்தத்தை விட்டாலும் ஓடியிருக்கும்.

“நிறுத்துங்க, நேத்து நான்தான் சோப்புப் போட்டுக் கழுவினேன்,” என்று சிஸ்டரின் காதோடு கன்னடத்தில் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாடியில் இருந்த லேபுக்கு ஓடி, பிரிக்காத பாக்கெட்டிலிருந்து புதுக் குழாய்கள் வாங்கி வந்தேன். அக்காவுக்கு மறுபடி ஊசி. ஒப்பிடுவதற்கு இந்த முறை என் கையை நீட்டினேன். இரண்டு குழாய்களையும் மேஜையில் நிறுத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எதன் முன்னாலும் அப்படி ஆடாமல் உட்கார்ந்தது கிடையாது.

இரண்டும் உறைந்தன. அக்காவின் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. புட்டிகள் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பின. முந்தின நாளிலிருந்து வேறு பாம்புக்கடி வந்ததா என்று ரெஜிஸ்டரைப் புரட்டினேன், வரவில்லை. தட்டில் மிச்சம் இருந்தவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, சீனியரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அக்காவை ஒரு நாள் வைத்திருந்து, மறுபடி மறுபடி பார்க்கச் சொன்னார்.

கணவரைக் காணவில்லை. வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு விஷம் ஏறவில்லை என்று சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்.

“அப்ப எனக்கு எத்தனை நாளுங்க?”

எதற்கு என்று கேட்டேன்.

“என்ர ரத்தம் தண்ணியாட்டம் ஓடுச்சுங்களே. பாத்துட்டுத்தானுங்க நின்னேன். இவரையும் பாம்பு கடிச்சுதான்னு நர்ஸம்மா கேட்டதும் காதுல விழுந்துச்சுங்க. காட்டுல, கடிச்ச எடத்துல வாய வெச்சு உறிஞ்சித் துப்புனனுங்க. வைவீங்கன்னு சொல்லல. இப்பத்தான் தம்பிக்குப் போன் போட்டேன். அவ பொழச்சாலும் ஒத்தையில கஷ்டப்படுவா, பாப்பாவ நீதான் படிக்க வெக்கோணும்னு சொல்லிட்டனுங்க.”

அழவில்லை அவர். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். அரை மணி நேரத்துக்கு மேலாக அவர் அந்தப் பெஞ்சில் சாகத் தயாராகிக்கொண்டிருந்தார். நானோ குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானத்தில் எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

சோப்பு விஷயம் முழுவதையும் சொன்னேன். “உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணா,” என்றேன். சரிங்க என்று தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே போய் ஒரு புதுக் குழாய் கொண்டு வந்தேன். அவருக்கு இனி அந்த டெஸ்ட் தேவையே இல்லை. கேஸ் ஷீட்டில் அதை எழுத இடமும் இல்லை. கையை நீட்டினார். எடுத்தேன். குழாயைப் பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, தானே கவனித்துக்கொள்வதாகச் சைகை காட்டினார்.

இருபது நிமிடம் ஆனதும் அவரையே சாய்க்கச் சொன்னேன். மெல்லச் சாய்த்தார். இரத்தம் அசையாமல் நின்றது. இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தார். பிறகு தம்பிக்குப் போன் போட்டார்.