ஆணி இருக்கிற இடம்

சைக்கிள் ஓட்டத்துக்கென்றே செய்த சப்பாத்து எங்கள் பக்கத்தில் என் மச்சானிடம்தான் இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? நல்லது எது வந்தாலும் அவன் வீட்டுப் படலையைத் தட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டுப் பக்கம் வரும், வந்தால். அவன் என் மாமியின் மகன், என் வயதுக்காரன். பாலையூற்றில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தோம். நீச்சலில் அவன் கெட்டிக்காரன், படிப்பிலும் மோசமில்லை, பார்க்கவும் ஆள் எடுப்பு. என்னைப் பெற்ற அம்மாவே எனக்குச் சோறு போடும்போது அவனைப் புகழ்ந்துகொண்டுதான் போடுவா. அந்தச் சோறு எப்படிச் செரிக்கும்?

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன காலம் அது. மச்சான் அங்கே பட்டறையில் வேலை செய்தான். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மொத்த வியாபாரியின் பண்டகசாலையில் கிளாக்கர். கப்பலேறப்போன வெள்ளைக்காரன் ஒருவன், மூட்டையில் இடமில்லை என்று தன் ஓட்டச் சப்பாத்தை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆறடி உயரமான அந்த மனிதனுக்குக் கால் மட்டும் ஏன் அவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்? என் அளவுக்கு இருந்திருக்கக் கூடாதா? அன்றும் இதைத்தான் யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன்.

மெல்லிய கறுப்புத் தோல். அடியில் ஆணி அடித்துப் பொருத்திய ஓர் அலுமினியத் தகடு. தகட்டின் குறுக்கே ஒரு வெட்டு. அந்த வெட்டு பெடலின் விளிம்பில் போய் உட்கார்ந்ததும், பெடலோடு பூட்டிய தோல் வாரைப் பாதத்துக்கு மேலால் இழுத்து இறுக்கினால் காலும் பெடலும் ஒன்றாகிவிடும். மிதிப்பதோடு, பெடலை மேலே இழுக்கவும் முடியும். அதைப் போட்டுக்கொண்டு மச்சான் சீமெந்துத் தரையில் நடந்தால் டக் டக் என்று கேட்கும். குதிரை வருகுது என்று என் மனைவி சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். நான் பார்த்த பார்வைக்கு அவனுடைய சைக்கிள் ரயராவது ஒருநாள் வெடித்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு எனக்கும் ஒரு சோடி வந்தது. கப்பலில் வேலை பார்த்த என் அத்தான் இத்தாலியிலிருந்து கொண்டுவந்தார். சப்பாத்து வேறு, தகடு வேறு, ஆணிகள் வேறாக ஒரு கடதாசிப் பையில். தகட்டை எந்த இடத்தில் வைத்து அடிப்பதென்று எந்தக் குறிப்பும் இல்லை. அத்தானுக்குக் கப்பலைத் தெரியும், சைக்கிளைத் தெரியாது.

அந்த வருடம் கொழும்பில் நடக்கவிருந்த பெரிய சைக்கிள் ஓட்டத்துக்கு எங்கள் பகுதியிலிருந்து ஒரே ஒருவனை அனுப்புவதாக இருந்தார்கள். நகரத்திலிருந்து சாம்பல்தீவு வழியாக நிலாவெளி வரை போய்த் திரும்பி வர வேண்டும். முதலில் வருபவன் கொழும்புக்குப் போவான். பலர் பெயர் கொடுத்திருந்தார்கள், ஆனால் அது மச்சானுக்கும் எனக்கும் இடையிலான ஓட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கொழும்பு பெரிதில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், அவன் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். அது போதும்.

வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன்.

"மச்சான், தகட்டை எங்க வைச்சு அடிச்சனீ?"

அவன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க அடிக்கிறது? ஆணி இருக்கிற இடத்திலதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். தகட்டில் ஆணி இருக்கிற இடம் எனக்குத் தெரியாதா? ஓட்டைகள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. மழுப்புகிறான், நான் முந்திவிடுவேன் என்று பயப்படுகிறான் என்று நினைத்தேன். அந்தப் பயம் எனக்குக் கொஞ்சம் இனித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆடிப்பிறப்பன்று எங்கள் வீட்டுக்குக் கூழ் குடிக்க வந்தான். சப்பாத்தை விறாந்தையில் கழற்றி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லாவிட்டால் அவனுடைய சப்பாத்து சொல்லாதா? மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, அவனுடைய சப்பாத்தின் நுனியிலிருந்து தகட்டின் வெட்டு வரைக்கும் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். தகடு எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது என்பதையும் மனதில் எழுதிக்கொண்டேன். அவன் இரண்டாம் முறை கூழ் வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவன் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எனக்கு நூல் எதற்கு?

அடுத்த நாளே அந்த முடிச்சுப்படி என் தகட்டை அடித்தேன்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். அவன் கால் சிறியது, என் கால் நீளம். சப்பாத்தின் நுனியிலிருந்து அவனுக்கு அளந்தது எனக்கு விரல்களுக்கு அடியில் வந்து நின்றது. அதைவிட, அவன் நேராகக் கால் வைத்து நடப்பவன். நான் வாத்தைப்போல இரண்டு பக்கமும் அகட்டி வைப்பவன். தகடு என் பாதத்தை அவன் பாதம்போல நேராக இழுத்துப் பிடித்தது. பயிற்சிக்கு ஓடும்போது உப்புவெளியைத் தாண்டுவதற்குள் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். முழங்காலின் உட்பக்கம் யாரோ ஊசி ஏற்றுவதுபோல இருக்கும். ஆனாலும் நான் இடத்தை மாற்றவில்லை. அவனுக்குச் சரியாக இருப்பது எனக்கு ஏன் சரிவராது என்ற வீம்பு.

ஒருநாள் முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்து கதிரையில் விழுந்தேன். மனைவி நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆணி பிழைச்சுப்போச்சு" என்றேன்.

அவள் என் பாதத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆணி ஒண்டையும் காணேல்லையே. எங்க இருக்கு? எருக்கம்பால் வைச்சால் போயிடும்."

"கால் ஆணி இல்லையப்பா. நீர் ஒரு ஆள்! சப்பாத்து ஆணியைச் சொல்லுறன்."

"ஓ, நான் உங்கட மச்சானுக்கு இருக்கிற மாதிரியாக்கும் எண்டு நினைச்சன். பெருவிரலுக்குக் கீழ, பாதத்தில தடிச்சு மொத்தமாய் இருக்கு. அண்டைக்குக் கூழ் குடிக்க வந்தவர் உங்கட அம்மாவிட்டக் காட்டி மருந்து கேட்டவர்."

எண்ணெய் சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆணி இருக்கிற இடத்தில். இரும்பு ஆணியை அவன் சொல்லவே இல்லை. பாதத்தில் தோல் தடித்துக் காய்த்துப்போயிருக்கும் ஆணியைச் சொல்லியிருக்கிறான். பாரம் இறங்குகிற இடத்தில்தானே கால் காய்க்கும்? அந்த இடத்துக்கு நேர் கீழே பெடல் வர வேண்டும் என்று, கேட்ட உடனேயே, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். எங்கள் பாழாய்ப்போன மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.

எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மறைத்திருந்தால் அவன் கள்ளன் என்று மனதாறத் திட்டியிருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டான்.

குறடால் ஆணிகளைப் பிடுங்கினேன். தகடு இல்லாமல், வெறும் சப்பாத்தோடு, வாரை மட்டும் இறுக்கிக்கொண்டு சில நாள் ஓடினேன். கால் தனக்குப் பிடித்த இடத்தில் போய் இருந்துகொண்டது. பெடலின் விளிம்பு சப்பாத்தின் அடித்தோலில் கறுப்பாய் ஒரு கோடு பதித்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே உள்ள எலும்புக்கு நேராக, கொஞ்சம் சரிந்த கோடு. என் வாத்து நடையின் கோடு. அந்தக் கோட்டில் வெட்டு வரும்படி தகட்டை வைத்து அடித்தேன். பழைய ஓட்டைகளுக்கு மெழுகு. வலி வந்த வழியே போய்விட்டது. கால் இருக்கிறதென்ற நினைப்பே வரவில்லை.

தெரிவு ஓட்டத்தன்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று காலையிலேயே கிளம்பிவிட்டது. நிலாவெளியில் திரும்பியபோது மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். மச்சான் முன்னால், நான் அவன் பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு. காற்று முழுவதையும் அவன் நெஞ்சு வாங்கியது. ஒருதரம் கையைக் காட்டி என்னை முன்னுக்கு வரச் சொன்னான். நான் காணாதவன்போலக் குனிந்துகொண்டேன். அதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை. நகரத்தின் முதல் கடைகள் தெரிந்ததும் விலகி, எழும்பி, இருந்த பலம் எல்லாவற்றையும் போட்டு மிதித்தேன். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது அவன் எனக்குப் பின்னால் இருந்தான்.

எத்தனை வருடம் காத்திருந்தேன் அந்த முகத்தைப் பார்க்க! திரும்பிப் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"நல்லா ஓடினனீ மச்சான். உன்ர கால் இழுவையைப் பார்த்தனான். தகடு இப்ப சரியாய் நிக்குது, என்ன?"

நான் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று அவன்தான் என் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். போகிறவன் வருகிறவனிடமெல்லாம் "என்ர மச்சான், கொழும்பில ஓடப் போறார்" என்று சொன்னான். என் பையைத் திறந்து சப்பாத்தை எடுத்து, ஒவ்வோர் ஆணியையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். ஒன்று கிளம்பியிருந்தது. தண்டவாளத்துப் பக்கம் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தட்டிச் சரிசெய்தான். அவனிடத்தில் நான் இருந்திருந்தால் வயிற்றுக்குத்து என்று சொல்லி வீட்டில் படுத்திருப்பேன்.

ரயில் வெளிக்கிட்டது. நான் ஜன்னலால் தலையை நீட்டி அவன் முகத்தைக் கடைசிவரை பார்த்தேன். ஒரு சுளிப்பு, ஒரு வாட்டம், ஏதாவது. அவன் கையை ஆட்டிக்கொண்டு மேடை முடியும் வரைக்கும் ஓடி வந்தான். அவனுக்கு என்மேல் ஒரு துளி பொறாமை வந்திருந்தால் போதும், நான் கொழும்பு வரைக்கும் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.