கழற்றிய பொன்னாடை

பிள்ளைகளே, கோபத்தை மனதில் வைத்திருக்கக் கூடாது என்று உங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். சரிதான். ஆனால் நான் இரண்டு வருசம் வைத்திருந்தேன். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

இத்தாலியில், பலேர்மோவில் எங்கள் தமிழ்ச் சங்க விழாவில், கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். என் மகளையும் கூப்பிட்டார்கள். தலைவர் போர்த்திவிட்டு மைக்கிலேயே கேட்டார்: "எந்தக் கம்பஸ், பிள்ளை?"

"கம்பஸ் இல்லை மாமா. துறைமுகத்துக்குப் பக்கத்திலை ரெண்டு வருசத் தொழில்நுட்பக் கோர்ஸ். முடிச்சிட்டுக் கம்பசுக்கு மாறலாம்."

"ஓ, கோர்ஸோ!" என்று சிரித்தார். "அப்ப மாறின பிறகு பாப்பம்."

அவள் தோளிலிருந்து கழற்றி, அடுத்து நின்ற பிள்ளைக்குப் போர்த்தினார். சபை கை தட்டியது. என் மகள் வெறும் தோளோடு படியிறங்கி வந்தாள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். வீடு துப்புரவாக்கும் வேலை. மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அன்றே முடிவெடுத்தேன்: அதே மேடை, அதே மைக்.

கோர்ஸின் முதல் குளிர்காலத்திலேயே மகள் கணிதத்தில் இரண்டு தரம் பெயில். "ஏலாதப்பா, விடப்போறன்" என்றாள்.

"விட்டால் அந்த மனுசன் சிரிச்சது சரியெண்டு ஆயிடும். எழும்பு."

நல்ல தகப்பன் சொல்லும் காரணம் இல்லை. ஆனாலும் எழும்பினாள். ஒவ்வொரு காலையும் ஸ்கூட்டரில் ஏற்றிக் துறைமுகத்தை ஒட்டிய கால்சாத் தெருக்கள் வழியாகக் கொண்டுபோய் விட்டேன்.

கோர்ஸ் முடிந்தது. அவள் எழுதிய சோதனைகளைப் பல்கலைக்கழகம் ஏற்று, நேரே இரண்டாம் வருசத்தில் சேர்த்துக்கொண்டது.

தலைவர் வீடு தேடி வந்தார். "தம்பி, இந்த முறை பிள்ளையைக் கட்டாயம் மேடைக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

"ஓம் அண்ணை, வாறம்."

விழா நாளில் அவர் பொன்னாடையை விரித்தபோது நான் மேடையேறி மைக்கைப் பிடித்தேன்.

"அண்ணை, எங்கை படிச்சிட்டு வந்தவ எண்டு சொல்லிப்போட்டுப் போர்த்துங்கோ."

"பழசை விடும், தம்பி."

"நீங்கள் மைக்கிலைதானே கழட்டினனீங்கள்."

"துறைமுகக் கோர்ஸ்" என்று தலைவர் முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை அண்ணை."

திரும்பவும், உரக்கச் சொன்னார். பிறகுதான் போர்த்த விட்டேன்.

"அப்பா, காணும், விடுங்கோ!" என்று மகள் என் சட்டையை இழுத்தாள். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு வேண்டாம், நீங்களே வைச்சிருங்கோ" என்று பொன்னாடையை என்னிடம் எறிந்தாள்.

வைத்திருக்கிறேன். ஸ்கூட்டர் இருக்கை வெயிலில் சுடாமலிருக்க அதைத்தான் விரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரைச் சங்க வாசலில் நிறுத்துவேன். தலைவர் அதைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும்.