உங்களுக்கு எவ்வளவு, மேடம்?

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய ஷூதான். ஆம்பூரில் எங்கள் கம்பெனி ஜோடி ஜோடியாக ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. உள்ளே வேலை செய்கிற நாங்களோ எல்லாரும் ரப்பர் செருப்பு. அன்று முன் ஆபீஸ் பெஞ்சில் ஒருவர், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த கறுப்பு ஷூவோடு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். விரிஞ்சிபுரத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்கு வந்திருந்தார். இன்றுவரை எங்களுக்கு அவர் ஹவில்தார்தான்.

எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டதற்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தை அப்படியே சொல்லியிருக்கிறார்: நாற்பத்தைந்தாயிரம். மேனேஜர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு யோசித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"உங்களுக்கு எவ்ளோ மேடம் சம்பளம்?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆபீஸில் வயதைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவோம், சம்பளத்தைச் சொல்ல மாட்டோம். நான் வாங்குவது என் நாத்தனாருக்கே தெரியாது.

"அத எதுக்கு சார் கேக்கறீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. மிலிட்டரியில இந்த ரேங்க்குக்கு இவ்ளோன்னு எல்லாருக்கும் தெரியும். உனக்கு எவ்ளோ வேணும்னு யாரும் கேட்டதே இல்ல. இங்க இன்னா ரேட்டுன்னு தெரியாமயே ஒரு நம்பர் சொல்லிட்டேன்."

சொன்னேன். பன்னிரண்டு வருட சர்வீஸ், பத்தொன்பதாயிரம்.

"அவ்ளோதானா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தில் ஏளனம் இல்லை, பயம்தான் இருந்தது. மகளை வேலூரில் நர்சிங் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தங்க இடம், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் பட்டாளத்திலேயே கிடைத்துவந்த மனிதர். வெளியே அத்தனைக்கும் கையிலிருந்துதான் போக வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம் முழுக்கச் சாப்பிடாமல் வாட்ச்மேன், டிரைவர், கட்டிங் சூப்பர்வைசர் என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டார். அந்தப் பட்டாளத்து அதிகாரக் குரலுக்கு எல்லாரும் பதில் சொன்னார்கள். பிறகு உள்ளே போய் இருபத்தாறு கேட்டார். கதவு திறந்திருந்தது.

"உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே சார். இருபது போதாதா?"

"அது செஞ்ச வேலைக்கு சார். இது செய்யப்போற வேலைக்கு."

இருபத்திநாலில் முடிந்தது. என்னைவிட ஐயாயிரம் ஜாஸ்தி. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவர் வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் செய்ததைக் கேட்ட பிறகு அந்த எரிச்சல் அடங்கிவிட்டது. "இருபத்திநாலுதான்... இல்லம்மா, அதுக்கு மேல இங்க யாரும் தரமாட்டான். பென்ஷனும் சேத்தா பாப்பாவ சேத்துடலாம். ஹாஸ்டல் வேணாம், பஸ்ல போய்ட்டு வரட்டும்."

மகள் இப்போது கடைசி வருடம் படிக்கிறாள், பஸ்ஸில்தான் போய்வருகிறாள். இன்றும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் வேலை கேட்டு வருகிறார்கள். கேட்டிலேயே ஹவில்தார் நிறுத்தி, "நேரா உள்ள போய்டாத தம்பி. எனக்கு இருபத்தொம்போது. இத வச்சி யோசி" என்று சொல்லிவிடுவார். அப்புறம் என்னிடம் அனுப்புவார். நானும் கூசாமல் என் சம்பளத்தைச் சொல்வேன்.

வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை. போன ஏப்ரலில் மேனேஜர் அறைக்குப் போய், நான் எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை.