சின்னர் ஆடும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது

எங்க மாமா கன்னியப்பனைப் பத்திப் பேச்செடுத்தாலே எனக்கு முதல்ல கோவம்தான் வரும். மாமான்னா, எங்க வசந்தா அக்கா வூட்டுக்காரரு. மரக்காணம் உப்பளத்துல வேலை செய்யறவரு. ஊருக்குள்ள ஆம்பளைங்கன்னா ஆளுக்கொரு பைத்தியம் இருக்கத்தான் செய்யும். ஒருத்தன் கிரிக்கெட்டுன்னு அலைவான், ஒருத்தன் நடிகர் கட்அவுட்டுக்குப் பால் ஊத்துவான், ஒருத்தன் கட்சிக் கொடி பிடிப்பான். இந்த மனுசனுக்கு மட்டும் இத்தாலி டென்னிஸு. கேட்டுக்கிட்டீங்களா? இத்தாலி! நானும் உப்பு மூட்டை ஏத்திக்கிட்டு மினி லாரியில நாலு ஜில்லா சுத்துறவன்தான். இப்படி ஒரு கேஸை எங்கயும் பாத்ததில்ல.

இந்த வியாதி எப்படி வந்துதுன்னா, மழைதான் காரணம். ஐப்பசி மழை விழுந்துட்டா உப்பளம் பூரா ஏரியாயிடும், வேலை கெடையாது. அந்த மாசங்கள்ல ஆளுங்க கெடைச்ச வேலைக்குப் போவாங்க. மாமா ஒரு வருசம் இடையஞ்சாவடி பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசுக்குத் தோட்ட வேலைக்குப் போனாரு. அதை நடத்துனது டொனாட்டான்னு ஒரு இத்தாலிக்கார அம்மா. அவங்களுக்குப் பின்பக்கம் ஒரு மண்ணு டென்னிஸ் கோர்ட்டு போடணும்னு ஆசை. மண்ணு இறுகவே மாட்டேங்குது. மாமா பாத்துட்டு, "இதுக்கா இவ்ளோ யோசனை? பாத்தி மிதிக்கிற மாதிரி மிதிச்சா முடிஞ்சிது"ன்னாராம். உப்பளத்துல சீசன் தொடங்கறப்ப ஈர மண்ணைக் காலாலயே மிதிச்சி மிதிச்சி பாத்தியைக் கெட்டியாக்குவோம், அதே கதைதான். நாலு பேரைக் கூட்டிட்டுப் போயி கோர்ட்டை மிதிச்சாரு. மிதிச்ச ஜோரு, அடுத்த மழையில பாதி கோர்ட்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுச்சி. அந்தம்மா சிரிச்சாங்களாம். நானா இருந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சி அனுப்பியிருப்பேன்.

அங்க ஒரு ஷெட்டு இருந்துது. சுவர் பூரா இத்தாலி டென்னிஸ்காரங்க போட்டோ. வெளிய மழை, உள்ள வேலை இல்ல. அந்தம்மா தெரிஞ்ச தமிழ்ல ஒவ்வொரு போட்டோவுக்கும் கதை சொல்ல, இவரு கல்யாண ஆல்பம் பாக்கற மாதிரி உக்காந்து பாத்துட்டு வந்துட்டாரு. அதோட எங்க குடும்பத்துல புதுசா ஏழெட்டுப் பேரு சேந்துட்டாங்க.

பியெத்ராஞ்செலி வந்து 'பெரியவரு'. அந்தக் காலத்துலயே பாரீஸ் மண்ணுல ரெண்டு வருசம் வரிசையா கப்பு வாங்கினவரு, நாட்டுக்காக டேவிஸ் கப்புல அவரு அளவுக்கு ஆடின ஆளே கெடையாதுன்னு மாமா சொல்லும்போது இவரே கூட நின்னு பந்து பொறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். பனாட்டா 'சித்தப்பா'. "போர்க்குன்னு ஒருத்தன்டா, பாரீஸ்ல அவனை யாராலயும் அசைக்க முடியாது. அவனை அங்க தோக்கடிச்ச ஒரே ஆளு நம்ம சித்தப்பா, அதுவும் ரெண்டு தடவை"ம்பாரு. அந்த சித்தப்பா எழுபத்தாறுல பாரீஸ்ல கப்பு வாங்கினாரு. மாமா பொறந்த வருசமும் அதேதான். அதுக்கப்புறம் இத்தாலி ஆம்பளை யாரும் அங்க ஜெயிக்கலைன்றது இவருக்கு சொந்த வூட்டுக் கவலை.

பென்னெட்டாவும் வின்ச்சியும் ஒரே கடலோரத்துப் பொண்ணுங்க, சின்ன வயசுலேர்ந்து சிநேகிதிங்க. அமெரிக்காவுல ஃபைனல்ல ரெண்டு பேருமே எதிரெதிரா நின்னாங்க. பென்னெட்டா ஜெயிச்சிட்டு, அந்த மேடையிலயே, இந்த வருசத்தோட ஆட்டம் போதும்னுட்டா. "எங்க நிறுத்தணும்னு தெரியுது பாரு"ன்னு மாமா மெச்சிக்குவாரு. அப்புறம் ஃபொன்யினி. கோவம் வந்தா ராக்கெட்டை ஒடைச்சிப் போட்டுடுவானாம். "டேய் மோகனு, அவன் அச்சு அசல் நீதான்டா"ன்னு எங்கிட்டயே சொல்றாரு. வந்த கோவத்துல நான் டீ கிளாஸைத் தரையில வெச்ச வேகத்துக்கு அது ஒடைஞ்சிடுச்சி.

எல்லாரையும் விட அவருக்கு ஸ்கியாவோனேன்னா உசுரு. பாரீஸ்ல அவ மண்ணுலயே விழுந்து முத்தம் குடுக்கற போட்டோ ஒண்ணு அங்க இருந்துதாம். "காலெல்லாம் மண்ணு, கையெல்லாம் மண்ணு, அதையே முத்தம் குடுக்கறாடா. நாம இத்தனை வருசம் பாத்தியில நிக்கறோம், ஒருநாளாவது தொட்டுக் கும்பிட்டிருப்போமா?"ன்னு கேட்டாரு. இந்தாளு மேட்ச் பாக்கறப்ப பந்தையே பாக்க மாட்டாரு, காலைத்தான் பாப்பாரு. எவன் மண்ணுல சறுக்கிட்டு நிக்கறான், எவன் தடுமாறுறான்னு. அதனால பாதி நேரம் பாயிண்டு யாருக்குன்னு எங்கிட்டதான் கேப்பாரு.

கடைசியா வந்தவன் சின்னர். செம்பட்டை முடி, ஒல்லிப் பையன். மலை மேல ஒரு லாட்ஜுல அவங்கப்பா சமையல்காரரு, அம்மா பரிமாறினவங்க. மாமாவுக்கு அவன் 'தம்பி'. தம்பி ஆடறப்ப ஒரு சட்டம் உண்டு: பாயிண்டு வந்துக்கிட்டு இருக்கும்போது யாரு எங்க உக்காந்திருக்காங்களோ அங்கேர்ந்து அசையக் கூடாது. எழுந்தா பாயிண்டு போயிடும். எங்க அக்கா ஒருதடவை அடுப்புல பால் பொங்கி வழியறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா, பாவம்.

இதெல்லாம் அவரு தலைவலின்னு விட்டுடலாம். ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு ஜூன்ல அது எங்க ஷாலினி தலையில வந்து விடிஞ்சிது.

ஷாலினி மாமாவோட ஒரே பொண்ணு. பாண்டிச்சேரி துணிக்கடையில பில்லு போடறா. பக்கத்துல மொபைல் கடை வெச்சிருக்கற கௌதமனுக்கும் அவளுக்கும் புடிச்சிப் போச்சி. பையன் பெருமுக்கல்காரன், தங்கமான பையன். பொண்ணு பாக்க வர்றதா அவங்கப்பா அய்யனாரு ஒத்துக்கிட்டாரு. நாங்க குதிச்சோம். ஆனா வர்ற அன்னைக்குக் காலையில கௌதமன் எனக்கு போன் போட்டான். "அண்ணே, அப்பா பேருக்குத்தான் வர்றாரு. 'கரும்பும் டிராக்டரும் வெச்சிருக்கற நாம உப்பளத்துக்காரன் வூட்டுல சம்பந்தம் பண்றதா'ன்றாரு. அடுத்த வாரம் திண்டிவனத்துல வேற பொண்ணு பாக்க ஏற்பாடு பண்ணிட்டாரு. இங்க வந்துட்டு 'போயி சொல்லி அனுப்புறோம்'னு எழுந்துடப் போறாரு"ன்னான்.

ஷாலினிக்கு இது புதுசில்ல. ஏற்கெனவே ரெண்டு எடத்துலேர்ந்து வந்து "போயி சொல்லி அனுப்புறோம்"னு போனாங்க. இன்னும் போயிக்கிட்டேதான் இருக்காங்க. விசயத்தை நானும் ஷாலினியும் மட்டும் வெச்சிக்கிட்டோம். மாமாகிட்ட சொன்னா வர்றவங்களை வாசல்லயே ரெண்டுல ஒண்ணு பாத்துடுவாரு.

எங்க பக்கம் ஒரு வழக்கம். பொண்ணு பாக்க வர்றவங்க காபி குடிப்பாங்க, பஜ்ஜி துன்னுவாங்க, அதெல்லாம் கணக்குல வராது. ஆனா சம்பந்தம் முடிவாகற வரைக்கும் பொண்ணு வூட்டு சோத்துல கை நனைக்க மாட்டாங்க. நனைச்சிட்டா பேச்சு முடிஞ்சிதுன்னு அர்த்தம். அப்புறம் பின்வாங்கறது மானக்கேடு. அதனால அய்யனாரு வகையறா வூட்டுல சாப்பிட்டு வந்துட்டு, ராகு காலம் முடிஞ்சி, ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு மேல வந்து எறங்கினாங்க. அவரு, அவரு சம்சாரம் அமராவதி, கௌதமன்.

அன்னைக்குத்தான் பாரீஸ்ல ஃபைனலு. சின்னருக்கும், போன வருசம் அங்க ஜெயிச்ச அல்கராஸுக்கும். மத்தியானமே இத்தாலிப் பொண்ணுங்க எர்ரானியும் பவோலினியும் ஜோடியா கப்பு வாங்கிட்டாங்க, மாமா தரையில கால் படாம நடக்கறாரு. அக்கா தலையில அடிச்சிக்கிட்டு, "டிவியை நிறுத்துய்யா"ன்னா. இவரு சத்தத்தை மட்டும் கொறைச்சாரு.

ஷாலினி காபி கொண்டாந்தா. கும்பிட்டா. அமராவதி அம்மா அவ கையைப் புடிச்சி பக்கத்துல உக்கார வெச்சிக்கிட்டாங்க. அய்யனாரு கடிகாரத்தைப் பாத்தாரு, தொண்டையைக் கனைச்சாரு, "சரிங்க, நாங்க போயி..."ன்னு எழுந்தாரு.

"அய்யோ!"ன்னு மாமா கத்தினாரு. "நீங்க எழுந்தீங்க, தம்பிக்குப் பாயிண்டு போச்சி! உக்காருங்க, உக்காருங்க!"

அய்யனாரு பயந்துபோயி உக்காந்துட்டாரு. சின்னர் அடுத்த பாயிண்டை எடுத்தான். அதுக்கடுத்ததும். மொத செட்டும் வந்துடுச்சி. மாமா அவரு கையைப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "உங்க ராசிங்க! நீங்க உக்காந்த ராசி!"

அய்யனாரு மூஞ்சியைப் பாக்கணுமே. அவரு வூட்டுல அவரு உக்காந்தாலும் எழுந்தாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னு கௌதமன் சொல்லியிருக்கான். இங்க அவரு உக்காந்தா பாரீஸ்ல ஒருத்தன் ஜெயிக்கறான்! கொஞ்ச நேரம் கழிச்சி, சோதிச்சிப் பாக்கற மாதிரி நாற்காலியிலேர்ந்து லேசா எழும்பினாரு. பந்து நெட்டுல போயி விழுந்துது. டக்குனு உக்காந்துட்டாரு. அப்புறம் அவரை நகத்த முடியல.

"யாருங்க இந்தப் பையன்?"

"சமையல்காரரு புள்ளைங்க. இப்ப உலகத்துலயே நம்பர் ஒன்னு."

"சமையல்காரரு புள்ளையா?"ன்னு கேட்டுட்டு அவரு கண்ணைச் சுருக்கி அந்தப் பையனையே பாத்தாரு. அந்த நேரத்துல மாமா பெரியவரு, சித்தப்பா, பென்னெட்டான்னு மொத்தக் குடும்பத்தையும் அவருக்கு அறிமுகம் பண்ணி வெச்சிட்டாரு. ரெண்டாவது செட்டும் சின்னருக்கு, இன்னும் ஒண்ணு எடுத்தா கப்பு. மூணாவது செட்டு போச்சி. கௌதமன் பாத்ரூம் போனதுதான் காரணம்னு அவங்கப்பாவே புள்ளையைத் திட்டினாரு. எனக்கு சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மேட்ச் முடிஞ்சா இந்தாளு எழுந்துடுவாரு. எழுந்தா ஷாலினி கதை முடிஞ்சிது. அவ என்னைப் பாக்கறா, நான் டிவியைப் பாக்கறேன். ஆண்டவனே, இந்த மேட்ச் முடியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

நாலாவது செட்டு. சின்னர் அஞ்சு, அல்கராஸ் மூணு. அல்கராஸ் சர்வீஸு, ஆனா பூஜ்யம்-நாப்பது. சின்னருக்கு மூணு மேட்ச் பாயிண்டு. மூணுல ஒண்ணு வந்தா கப்பு. மாமா ரெண்டு காலையும் நாற்காலி மேல மடக்கி வெச்சிக்கிட்டு மூச்சுகூட விடாம இருக்காரு. அவரு பொறந்ததுலேர்ந்து காத்திருக்கறது இதுக்குத்தான்.

"ஏங்க"ன்னு மெதுவா அமராவதி அம்மா கூப்பிட்டாங்க. "சுகர் மாத்திரை போட்டுட்டேன், ராத்திரி சாப்பாட்டு நேரமும் தாண்டிடுச்சி. கண்ணு இருட்டுது."

"ஒரே பாயிண்டுடி, கொஞ்சம் பொறு!"ன்னாரு அய்யனாரு, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காம. சமையல்கட்டு வாசல்ல நின்ன எங்க அக்கா ஒரு எட்டு வெச்சா. "அம்மா, அசையாதீங்க!"ன்னு அய்யனாரு அவளையும் அதட்டினாரு.

மாமா அமராவதி அம்மா கையைப் பாத்தாரு. விரலெல்லாம் நடுங்குது. அவரு எழுந்துட்டாரு. நான் சத்தியமா நம்பல. ரெண்டு செட்டு ஜெயிச்சிக் குடுத்த அந்த நாற்காலியை விட்டு, மூணு மேட்ச் பாயிண்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, நேரா உள்ள போனாரு.

"வசந்தா, சோறு போடு."

அக்கா கிசுகிசுன்னு, "சம்பந்தம் பேசாம சோறு போட்டா ஏதாவது நெனைச்சிக்கப் போறாங்க. அதுவும் கருவாட்டுக் குழம்புதான்யா இருக்குது"ன்னா.

"கண்ணு இருட்டுதுன்றாங்க, சம்பந்தத்தைப் பத்திப் பேசறியே. தட்டை எடு."

அவரே சோத்தைப் போட்டு, குழம்பை ஊத்தி, கொண்டாந்து அந்தம்மா மடிக்கு நேரா புடிச்சாரு. ஷாலினி தண்ணி சொம்பை நீட்டினா. பின்னாடி டிவியில மொத பாயிண்டு போச்சி. ரெண்டாவது போச்சி. மூணாவதும் போச்சி. ஜனங்க போட்ட கூச்சல் கொறைச்சி வெச்ச சத்தத்துலயும் கேட்டுது. மாமா திரும்பவே இல்ல. "மெதுவா சாப்பிடும்மா, முள்ளு இருக்கும்"னாரு.

"யோவ் கன்னியப்பா! ஏன்யா எழுந்த?"ன்னு அலறிக்கிட்டே எழுந்து திரும்பின அய்யனாரு அப்படியே நின்னுட்டாரு. அவரு சம்சாரம் வாய் நிறைய சோறு, கையெல்லாம் குழம்பு.

"நீ... கை நனைச்சிட்டியா?"

"நனைச்சிட்டேன்"னாங்க அந்தம்மா. முழுங்கிட்டுத்தான் பேசினாங்க. "பொறுடின்னீங்க. இவரு எழுந்து வந்தாரு. எனக்கு இந்த வூடு புடிச்சிருக்குது, பொண்ணையும் புடிச்சிருக்குது. இதுக்கு மேல நான் வேற எங்கயும் பொண்ணு பாக்க வரல."

கௌதமன் தரையைப் பாத்துக்கிட்டு இருக்கான். ஷாலினி சொம்பைக் கீழ வைக்காம அய்யனாரையே பாக்கறா. எனக்கு மட்டும் ஃபொன்யினி மாதிரி எதையாவது தூக்கிப் போட்டு ஒடைக்கலாமான்னு இருக்குது. அய்யனாரு சம்சாரத்தைப் பாத்தாரு, புள்ளையைப் பாத்தாரு, டிவி பக்கம் திரும்பி உக்காந்துட்டாரு. நாலாவது செட்டை அல்கராஸ் எடுத்துட்டான். அதுவரைக்கும் அந்த மனுசன் வாயைத் திறக்கல.

அஞ்சாவது செட்டு ஆரம்பிச்சிது. அய்யனாரு பக்கத்து நாற்காலியைப் படபடன்னு தட்டினாரு.

"இன்னாய்யா சம்பந்தி, அங்க நின்னுக்கிட்டு? சீக்கிரம் வந்து உக்காருய்யா! நீ எழுந்ததுலேர்ந்துதான் எல்லாம் போச்சி!"

ஷாலினி அழுதுட்டா. எங்க அக்கா புடவைத் தலைப்பை வாயில வெச்சிக்கிட்டா. மாமா டிவி பக்கம் போகல. உள்ள போயி இன்னொரு தட்டுல சோத்தைப் போட்டு எடுத்துக்கிட்டு வந்து அய்யனாரு முன்னாடி வெச்சாரு.

"தோத்தா தோத்துட்டுப் போறான். நீங்க மொதல்ல சாப்பிடுங்க சம்பந்தி."